கம்பெனி லீவர்லயே வெளி ஃபாக் லைட்டு எரியணும், ரிலேயை எப்படி கோர்க்குறது?

இரவுப்பயணி:
வணக்கம் எல்லாருக்கும். என் வண்டி பேஸ் மாடல். பம்பர்ல ஃபாக் லைட்டுக்கு குழி இருக்கு, மூடி போட்டு அடைச்சு விட்டிருக்காங்க. ஆனா லைட் லீவர்ல ஃபாக் குறி போட்ட வளையம் இருக்கு, திருப்புனா டக்குனு போய் நிக்குது. இப்ப வெளில ஒரு ஜோடி 55 வாட் எச்11 லைட்டு வாங்கிருக்கேன், கூடவே ஹார்னெஸ் (ஒயர் கட்டு), அதுல 4 கால் ரிலே (சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டை போட்டு அணைக்கிற சுவிட்ச்), ஃபியூஸ், டேஷ்போர்டுல ஒட்டுற மாதிரி ஒரு பட்டன். அந்த பட்டனை ஒட்ட மனசே வரல, லீவர் சும்மா இருக்கும்போது எதுக்கு அது. ரிலே காயிலோட ரெண்டு கால்தான் 85, 86. கிட்டு ஒயரிங்ல பட்டன் 86க்கு ப்ளஸ் அனுப்புது, 85 எர்த்துல, அதாவது பாடில இருக்கு. பட்டனை தூக்கிட்டு அந்த இடத்துல லீவர் ஒயரை கொடுத்துட்டா வேலை முடிஞ்சிடுமா?

ஒரு சிக்கல் என்னன்னா ஒயரிங் படம் பாத்து லீவர் கப்ளர்ல ஃபாக் ஒயர் எதுன்னு கண்டுபிடிச்சு மீட்டர் வச்சேன், ஆஃப்லயும் ஒண்ணும் இல்ல ஆன்லயும் ஒண்ணும் இல்ல, சும்மா 0.2, 0.3னு ஆடிக்கிட்டே இருக்கு. பேஸ் மாடல்ங்கறதால உள்ள கான்டாக்டே வைக்காம வெறும் வளையத்தை மட்டும் கொடுத்துட்டாங்களா?

பழைய_டீசல்:
தம்பி ரிலேல்லாம் எதுக்கு. லீவர்ல கான்டாக்ட் இருக்குன்னா அதுல இருந்தே நேரா லைட்டுக்கு ஒயர் இழுத்துடலாம். முன்னாடி வண்டிகள்ல எல்லாம் அப்படித்தான ஓடிச்சு, ஹெட்லைட்டே சுவிட்ச் வழியாதான் போகும்.

ஓம்விதி:
அண்ணே, அந்த வண்டிகள்ல சுவிட்ச்சுக்குள்ள கான்டாக்ட் பெருசு, ஒயரும் தடிமன். இப்ப லீவர்ல வர்ற ஒயர் 0.5 ஸ்கொயர் எம்எம், அவ்வளவுதான். 2 பல்பு சேந்து 110 வாட், இன்ஜின் ஓடும்போது 13.5 வோல்ட்னு வச்சா 8 ஆம்பியர் கிட்ட இழுக்கும். பேட்டரில இருந்து லீவருக்கு போய் திரும்ப பம்பருக்கு வர 6 மீட்டர் ஆகுதுன்னு வைங்க, 0.5 செம்பு ஒயர் மீட்டருக்கு 35 மில்லி ஓம், மொத்தம் 0.21 ஓம். 8 ஆம்பியர் போனா ஒயர்லயே 1.7 வோல்ட் காணாம போயிடும். ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் 10 சதவீதம் கொறைஞ்சா வெளிச்சம் 30 சதவீதம் கொறையும், இங்க அதுக்கும் மேலயே போகுது. அது போக பல்பு சில்லுனு இருக்கும்போது ஆன் பண்ற அந்த நொடில ஓடுற கரண்ட்ட விட பல மடங்கு இழுக்கும், லீவருக்குள்ள இருக்குற குட்டி கான்டாக்ட் அந்த பொறியிலயே கருகும். ரிலே வச்சா காயிலுக்கு 150 மில்லி ஆம்பியர் சுமார்தான் லீவர் தாங்கணும். ரிலே இல்லாம பண்ணவே பண்ணாதீங்க இரவுப்பயணி.

செம்புக்கம்பி:
லீவர்ல கான்டாக்ட் இல்லன்னு இப்பவே முடிவு கட்டாதீங்க. நீங்க அளந்த விதத்துல ப்ளஸ் வருதான்னு மட்டும்தான் தெரியும். கம்பெனி சுவிட்ச் 3 விதமா வேலை செய்யலாம், இது எதுன்னு தெரியாம ரிலே பக்கமே போகக்கூடாது, என்னைக் கேட்டா இந்த வேலையில முக்கால்வாசி இதைக் கண்டுபிடிக்கிறதுதான், மிச்சமெல்லாம் ஒயர் ஓட்டுறது.

முதல் விதம், ஆன் பண்ணா ப்ளஸ் கொடுக்கும். ரெண்டாவது, ஆன் பண்ணா எர்த்து கொடுக்கும், அதாவது ரிலே காயிலோட ஒரு கால்ல ப்ளஸ் எப்பவும் காத்துக்கிட்டு இருக்கும், லீவர் அடுத்த காலை பாடிக்கு இழுத்து விடும். மூணாவது விதத்துல லீவர் எதையும் ஓட்டாது, பாடி கண்ட்ரோல் மாட்யூலுக்கு, அதாவது விளக்கு மாதிரி வேலைகளைப் பாத்துக்குற குட்டி கம்ப்யூட்டருக்கு, ஒரு சிக்னல் மட்டும் கொடுக்கும், லைட்டை எரியவிடுறது அந்த மாட்யூல் முடிவு.

இப்ப திரும்ப அளங்க. சாவி ஆன்ல இருக்கணும், பார்க்கிங் லைட்டும் எரியணும். இது ரெண்டும் ரொம்ப முக்கியம். சில லீவர்ல ஃபாக் கான்டாக்ட் பார்க்கிங் கான்டாக்ட்டுக்கு அப்புறமாதான் வரும், பார்க்கிங் போடாம வளையத்தை எவ்வளவு திருப்புனாலும் ஒண்ணும் வராது. அதே மாதிரி மாட்யூல் தூங்கும்போது அந்த ஒயர்ல வோல்டேஜே இருக்காது, சாவி இல்லாம அளந்தா சும்மா கிடக்குற ஒயர் மாதிரியே தெரிஞ்சு ஆளை ஏமாத்திடும்.

கருப்பு ப்ரோபை பாடில வச்சு, சிவப்பை ஃபாக் ஒயர்ல வைங்க. ஆன்ல 12 வந்தா முதல் விதம். ஆஃப்ல 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ நின்னு ஆன்ல 0க்கு விழுந்தா அந்தப் பக்கம் ஏதோ ஒண்ணு அந்த ஒயரை மேல தூக்கிப் பிடிச்சிருக்கு, உங்க வண்டில ஃபாக் ரிலே இல்லாததால அது அனேகமா மாட்யூல்தான். ரெண்டுலயும் ஒண்ணும் இல்லன்னா இப்ப மாத்தி அளங்க, சிவப்பு ப்ரோபை எப்பவும் 12 இருக்குற இடத்துல, கருப்பை ஃபாக் ஒயர்ல. லீவர் ஆன்ல 12 காட்டி ஆஃப்ல போயிட்டா லீவர் எர்த்து கொடுக்குது. உங்களுக்கு 0.2, 0.3 ஆடுனது எங்கயும் மாட்டாம தொங்குற ஒயர்ல மீட்டர் காட்டுற பேய் வோல்டேஜ், என் கணிப்பு ரெண்டாவது விதம்தான்.

ஓம்விதி:
அதோட பேனட்டுக்குள்ள இருக்குற ஃபியூஸ் பாக்ஸ் மூடிக்கு அடிப்பக்கம் படம் இருக்கும், அதுல ஃபாக் ரிலே, ஃபாக் ஃபியூஸ்னு இடம் போட்டிருக்கான்னு பாருங்க. சாக்கெட்டுக்குள்ள உலோக கால்கள் இருந்தா யோகம், ரிலேயும் ஃபியூஸும் சொருகி பம்பர் பின்னாடி டேப் சுத்தி கட்டி வச்சிருக்குற கப்ளரை தேடி எடுத்தா பாதி வண்டிகள்ல வேலையே முடிஞ்சிடும்.

இரவுப்பயணி:
பாத்தாச்சு. ரிலேக்கு சாக்கெட் வடிவம் இருக்கு ஆனா உள்ள வெறும் பிளாஸ்டிக், கால் ஒண்ணும் இல்ல. பம்பர் பின்னாடியும் கப்ளர் கிடையாது.

மீட்டர் விஷயம்தான் ஆச்சரியம். செம்புக்கம்பி அண்ணே சொன்ன மாதிரி மாத்தி வச்சு அளந்தேன், பார்க்கிங் போட்டு ஃபாக் வளையத்தை திருப்புனா 12.4, திருப்பி விட்டா இல்ல. பார்க்கிங் போடாம திருப்புனா ஒண்ணும் வரல. அப்ப இது எர்த்து கொடுக்குற வகைதான?

செம்புக்கம்பி:
அதேதான். இன்னொரு உறுதிக்கு ரிலேயையே கைல பிடிச்சு சோதிக்கலாம், 86ல ப்ளஸ், 85ல லீவர் ஒயர், வளையத்தை திருப்பும்போது கிளிக் சத்தம் தெளிவா வரணும். மாட்யூல் ஒயர் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு, அதனால தைரியமா பண்ணலாம்.

அப்ப உங்க கிட்டு ஒயரிங்கை அப்படியே வச்சு பட்டன் இடத்துல லீவரை போட்டா என்னாகும்னா, 85ம் எர்த்து, 86ம் எர்த்து, ரெண்டு பக்கமும் எர்த்தா இருந்தா ரிலே அசையவே அசையாது. 85ஐ பாடில இருந்து கழட்டி லீவருக்கு கொண்டு போகணும். 86க்கு ப்ளஸ் தனியா கொடுக்கணும். 30 பேட்டரி ப்ளஸ்ல இருந்து ஃபியூஸ் வழியா, 87 லைட்டுக்கு, இது ரெண்டும் மாறாது. 5 கால் ரிலே கைக்கு கிடைச்சா நடுவுல 87ஏ இருக்கும், அது லீவர் ஆஃப்ல இருக்கும்போது எரியுற கால், அதுல மாட்டிடாதீங்க.

பழைய_டீசல்:
86க்கு பேட்டரில இருந்தே கொடுத்துடலாமே, 30க்கு பக்கத்துலயே இருக்கு, ஒரு துண்டு ஒயர் போதும்.

செம்புக்கம்பி:
வேலை செய்யும், ஆனா நான் அப்படி பண்ண மாட்டேன். 86க்கு பார்க்கிங் லைட் ஒயர்ல இருந்து எடுங்க. வெளிச்சத்துக்கான கரண்ட் 30 வழியாதான் போகுது, பார்க்கிங் ஒயர்ல காயில் மட்டும்தான் தொங்கும். இரவுப்பயணியோட லீவர்ல பார்க்கிங் இல்லாம ஃபாக் எர்த்து வராதுன்னு இப்ப தெரியுது, ஆனா நாளைக்கு அந்த 85 ஒயர் எங்கயாவது உரசி பாடில பட்டுச்சுன்னா என்ன ஆகும்? 86 பேட்டரில இருந்தா வண்டி நிறுத்தி பூட்டுன பிறகும் லைட்டு எரியும், 8, 9 ஆம்பியர் இழுத்தா 45 ஆம்பியர் அவர் பேட்டரி விடியறதுக்குள்ள படுத்துடும். பார்க்கிங்ல இருந்தா அந்த பயமே கிடையாது.

அது போக ஐநா வாகன ஒழுங்குமுறை 48ம் இதைத்தான் கேட்குது, முன் ஃபாக் லைட்டை ஹை பீம், லோ பீம் ரெண்டையும் சாராம தனியா போடவும் அணைக்கவும் முடியணும், ஆனா பார்க்கிங் எரியாம அது எரியக்கூடாது. லோ பீம்ல இருந்து 86 எடுங்கன்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அது பிடிக்கல. அடர்த்தியான மூடுபனில லோ பீமே வெள்ளைச் சுவரா திரும்பி அடிக்கும், அப்ப பார்க்கிங் பிளஸ் ஃபாக் மட்டும் வச்சு மெதுவா ஓட்டுற வசதி வேணும்.

கருவண்டி:
பேச்சுக்கு நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கும் இதே வேலைதான். என் வண்டி கொஞ்சம் புதுசு. சாவி ஆன்ல ஃபாக் ஒயர்ல ஆஃப்ல 4.9 வோல்ட், ஆன்ல 0. ஆன் பண்ணா எர்த்து ஆகுதுல்ல, அப்ப நானும் 85ஐ அதுலயே மாட்டிடலாமா?

செம்புக்கம்பி:
மாட்டாதீங்க! கைய எடுங்க அதுல இருந்து. 4.9ங்கறது மாட்யூல் உள்ள இருந்து ஒரு ரெசிஸ்டர் வழியா தூக்கிப் பிடிச்சிருக்குற 5 வோல்ட். நீங்க காயிலை அங்க மாட்டுனா லீவர் ஆஃப்ல இருக்கும்போது 86ல இருக்குற 12 வோல்ட் காயில் வழியா நேரா மாட்யூலோட உள்வாசல்ல போய் உக்காரும். அது 5 வோல்ட்டுக்கு செஞ்ச வாசல். அதுக்கு மேல ரிலே ஒவ்வொரு தடவை விடும்போதும் காயில்ல இருந்து 100 வோல்ட்டுக்கு மேல ஒரு உதை கிளம்பும், அதுவும் அங்கதான் போகும். ஒரு ஃபாக் லைட்டுக்காக மாட்யூலை பலி கொடுக்காதீங்க. ஆன்ல எர்த்து ஆகுதுங்கறதை மட்டும் பாத்தா உங்களுதும் இரவுப்பயணியோடதும் ஒண்ணு மாதிரியே தெரியும், ஆஃப்ல அந்த ஒயர் என்ன காட்டுதுங்கறதுலதான் வித்தியாசமே இருக்கு.

உங்களுக்கு 2 வழி. சில வண்டில மாட்யூல்லயே ஃபாக் வெளியீட்டுக் கால் இருக்கும், மென்பொருள்ல அதைத் திறந்து விட்டா லீவர் போட்டதும் அந்தக் கால்ல 12 வரும், அதை 86க்கு கொடுத்து 85ஐ எர்த்துல வச்சா போதும், டேஷ்ல பச்சை விளக்கும் தானா எரியும். அது இல்லன்னா டேஷ்போர்டுல காலியா இருக்குற மூடி இடத்துக்கு அதே அளவு சுவிட்ச் கிடைக்கும், அதைப் போட்டுக்கோங்க. நடுவுல டிரான்சிஸ்டர் வச்சு 5 வோல்ட் சிக்னலை தொந்தரவு பண்ணாம படிக்கிற மாதிரியும் செய்யலாம், அது தெரிஞ்சவங்க கையால நடக்கட்டும்.

கருவண்டி:
நல்லவேளை மாட்டுறதுக்கு முன்னாடி கேட்டேன். நன்றி அண்ணே. காலி மூடி இடம் இருக்கு, அந்த வழியிலயே போறேன்.

ஓம்விதி:
அந்த உதை பத்தி பேச்சு வந்ததால இரவுப்பயணிக்கும் சொல்லிடறேன். உங்க ரிலேக்குள்ள அந்த உதையை அடக்க டயோடோ (கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடுறது) ரெசிஸ்டரோ இருக்கான்னு பாருங்க, மேல படம் அச்சடிச்சிருப்பாங்க. இல்லன்னா 85க்கும் 86க்கும் நடுவுல ஒரு 1என்4007 டயோடு போடுங்க, கோடு போட்ட பக்கம் 86ல, அதாவது ப்ளஸ் பக்கம். திருப்பிப் போட்டா லீவர் ஆன் பண்ற நொடி ஷார்ட் ஆகும். உள்ளயே டயோடு இருக்குற ரிலேன்னா 85, 86 ரெண்டையும் மாத்தி மாட்டவே கூடாது, வெறும் காயில்னா எப்படி மாட்டுனாலும் ஒண்ணுதான்.

ஒயர் கணக்கு: பேட்டரில இருந்து 30, 87ல இருந்து லைட்டு பிரியுற இடம் வரைக்கும் 2.5 ஸ்கொயர் எம்எம், அங்கிருந்து ஒவ்வொரு லைட்டுக்கும் 1.5, காயிலுக்கு 0.75 தாராளம். கிட்டு ஹார்னெஸ்ல பிளாஸ்டிக் உறை தடியா இருக்கும், உரிச்சுப் பாத்தா உள்ள செம்பு கொஞ்சமா இருக்கும், அதை நம்பாதீங்க. 1 ஸ்கொயர்ல 4 மீட்டர் ஓடுனா 0.56 வோல்ட் போகும், 2.5ல 0.22தான். ஃபியூஸ் 15 ஆம்பியர், பேட்டரி முனைல இருந்து ஒரு சாணுக்குள்ள இருக்கணும். ஃபியூஸ் இருக்கறது லைட்டைக் காப்பாத்த இல்ல, ஒயரைக் காப்பாத்த. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவுல இருக்குற ஒயர் உரசுனா அதை யாரும் காப்பாத்த முடியாது, அதான் அந்த தூரம் கம்மியா இருக்கணும்.

மலைச்சாலை:
55 வாட் பத்துமா? அதே இடத்துல 100 வாட் பல்பு போட்டுக்கலாமேன்னு ஒரு யோசனை.

ஓம்விதி:
வேணாம். 200 வாட்னா 15 ஆம்பியர் கிட்ட, ஃபியூஸ், ஒயர், ரிலே எல்லாம் மாறும். அதை விட முக்கியம் சூடு, ரிஃப்ளெக்டர் கருத்துப் போகும், ஹோல்டர் உருகும். ஃபாக் லைட்டு தூரத்துக்கு அடிக்கிற லைட்டே இல்ல, பம்பருக்கு முன்னாடி தரையையும் ரோட்டு ஓரத்தையும் அகலமா காட்டுறதுக்கு. வெளிச்சம் கூட்டுனா பனில பட்டு கண்ணுக்கே திரும்பி வரும்.

மலைச்சாலை:
சரி விட்டுட்டேன். ஆனா எனக்கு உண்மையான பிரச்சினை ஒண்ணு இருக்கு. எல்ஈடி ஃபாக் லைட்டு, 86ஐ பார்க்கிங்ல இருந்துதான் எடுத்திருக்கேன், இன்ஜின் ஆஃப்ல இருந்தாலும் ரிலே 'டர்ர்ர்'னு வண்டு மாதிரி கத்துது, லைட்டு துடிக்குது.

செம்புக்கம்பி:
உங்க பார்க்கிங்கும் எல்ஈடியா? அப்ப மாட்யூல் அதுக்கு முழு 12 கொடுக்கல, நொடிக்கு நூறு இருநூறு தடவை ஆன் ஆஃப் பண்ணி மங்கலா வச்சிருக்கு. மீட்டர்ல பாத்தா 6, 7 வோல்ட்னு சராசரி காட்டும். காயில் அதுல பிடிக்கவும் முடியாம விடவும் முடியாம துடிக்குது. கெப்பாசிட்டர் போட்டு சமாளிக்கலாம்னு சொல்வாங்க, ஒட்டு வேலைதான் அது. நம்பர் பிளேட் விளக்கு ஒயரை அளந்து பாருங்க, நிறைய வண்டில அது பார்க்கிங்கோடயே வரும், அதுல நிலையான 12 இருந்தா 86க்கு அதை எடுங்க. அதுவும் துடிச்சா சாவி ஆன்ல மட்டும் வர்ற ஏதாவது ஒரு ஃபியூஸ்ல இருந்து எடுக்கறதுதான் மிச்சம்.

மலைச்சாலை:
நம்பர் பிளேட்ல நிலையா 12.3 நிக்குது. ஒயரை மாத்திட்டேன், சத்தம் நின்னுபோச்சு.

பழைய_டீசல்:
இணைப்பு போடும்போது ஒயரை வெட்டாம கடிச்சுப் பிடிக்கிற அந்த நீல கிளிப் வச்சா சுலபம்.

செம்புக்கம்பி:
சுலபம்தான் அண்ணே, ஆனா அதோட பிளேடு உள்ள 2, 3 இழையை வெட்டிடும், அப்புறம் ஈரம் ஏறி பச்சை பூத்து ஒரு மழைக்காலத்துல பார்க்கிங் லைட்டும் சேந்து போகும். நல்ல கிரிம்ப் (அழுத்தி இறுக்குற இணைப்பு), மேல பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டுனா சுருங்கி ஒட்டுற குழாய்), அது போதும். சால்டர் வைக்கிறதா இருந்தா அதிராத இடத்துல வைங்க, சால்டர் ஊறி விறைச்ச இடத்துக்குப் பக்கத்துல ஒயர் அதிர்ந்து அதிர்ந்து ஒடியும்.

இரவுப்பயணி, ஸ்டியரிங் பக்கம் கை வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸ் கழட்டி சில நிமிஷம் விட்டுடுங்க. மஞ்சள் கப்ளர், மஞ்சள் ஸ்லீவ் எல்லாம் ஏர்பேக், அதை அளக்கவும் கூடாது. பேனட்டுக்கு ஒயர் போக ரப்பர் குரோமெட் (ஓட்டையை அடைக்கிற ரப்பர் வளையம்) வழியாவே போங்க, வெளிய வந்ததும் ஒயரை கொஞ்சம் கீழ தொங்கவிட்டு மேல ஏத்துங்க, தண்ணி ஒயரைப் பிடிச்சு உள்ள வராது. ரிலேயோட கால்கள் கீழ பாத்து இருக்கணும்.

இரவுப்பயணி:
எல்லாம் கோத்தாச்சு அண்ணே, லீவர் திருப்புனா கிளிக், லைட்டு எரியுது, பார்க்கிங் அணைச்சா கூடவே அணையுது. பாக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா இடது லைட்டு வலது லைட்டை விட மங்கல். பல்பை மாத்தி மாத்திப் போட்டும் இடது பக்கம்தான் மங்குது.

ஓம்விதி:
எர்த்து. லைட்டு எரியும்போதே மீட்டர் கருப்பை பேட்டரி மைனஸ்ல, சிவப்பை இடது லைட்டோட மைனஸ் கால்ல வைங்க. 0.1க்கு மேல வந்தா எர்த்து பாதைலதான் வோல்டேஜ் தொலையுது.

இரவுப்பயணி:
1.4 வோல்ட்! வலது பக்கம் 0.06. இடது எர்த்தை பெயின்ட் அடிச்ச போல்ட்டுல முடுக்கியிருக்கு. அப்ப பேட்டரி மைனஸ்க்கே நேரா இழுத்துடட்டுமா?

செம்புக்கம்பி:
இழுக்காதீங்க. மைனஸ் முனைல குட்டி பெட்டி மாதிரி கரண்ட் சென்சார் இருக்குற வண்டில, நேரா முனைல மாட்டுனா லைட்டு இழுக்குற கரண்ட் அந்த சென்சாரோட கணக்குல வராது, சார்ஜிங் கணக்கு தப்பாகும். பெயின்ட்டை வெள்ளை இரும்பு தெரியற வரைக்கும் சுரண்டி, லக், பல் வாஷர் வச்சு முடுக்கி, மேல கிரீஸ் தடவுங்க.

இரவுப்பயணி:
0.05 ஆயிடுச்சு. ரெண்டும் ஒரே மாதிரி எரியுது. கடைசியா ஒரே ஒரு கேள்வி, எவ்வளவு சாய்ச்சு வைக்கணும்? மேல இருக்குற திருகுல எவ்வளவு வேணா ஏறுது இறங்குது.

செம்புக்கம்பி:
சமதளத்துல சுவத்துக்கு 7.5 மீட்டர் தள்ளி நிறுத்துங்க, டயர் காத்து சரியா இருக்கட்டும், வழக்கமா ஏத்துற சுமை இருக்கட்டும். தரையில இருந்து லைட்டோட நடுப்புள்ளி எவ்வளவு உயரம்னு அளந்து சுவத்துல கோடு போடுங்க. அதுக்கு 10 சென்டிமீட்டர் கீழ இன்னொரு கோடு, வெளிச்சத்தோட மேல் விளிம்பு அந்த கீழ்க்கோட்டுல உக்காரணும். ரெண்டு லைட்டையும் ஒண்ணா வச்சு பாக்காதீங்க, ஒண்ணை துணி போட்டு மூடி மத்ததை சரி பண்ணுங்க, ஹாலஜன் சூட்டுல துணி கருகும் அதனால சீக்கிரம் எடுத்துடுங்க, இல்லன்னா ஒரு பக்க கப்ளரை கழட்டி விடுறது இன்னும் நல்லது.